1944 ஸ்டாக், ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் இல்லையாம்: பழைய ஜீப் பிரேக் ஷூ வாங்கி ஏமாந்த கதை

பழைய இராணுவ ஜீப்பை டிஸ்போசல் ஏலத்திலோ இன்னொருவர் கையிலிருந்தோ வாங்கி, ஒவ்வொரு பாகமாகத் தேடிச் சரிசெய்துகொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள். நான் அனுப்பிவிட்டுத்தான் யோசித்தேன்.

என் வண்டி 1943 ஃபோர்டு ஜிபிடபிள்யூ. இரண்டாம் உலகப் போர் ஜீப்தான், வில்லிஸ் கம்பெனி செய்த எம்பி ஜீப்பின் உடன்பிறப்பு. பிரேக் மிதித்தால் ஒரு பக்கமாக இழுத்தது. பிரேக் மிதித்தால் சக்கரத்தின் டிரம்முக்குள் விரிந்து உரசி வண்டியை நிறுத்துவதுதான் ஷூ; நாலு சக்கரத்துக்கும் சேர்த்து எட்டு தேவை. வாட்ஸ்அப் குழு வழியாக வெளியூர் வியாபாரி ஒருவர் கிடைத்தார். "சார், 1944 ஆர்மி ஸ்டாக். பாக்கிங்கே பிரிக்கலை" என்றார். அப்படியானால் லைனிங்கில், அதாவது ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையில், நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்குமே என்று கேட்டேன். "அதெல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் ஃப்ரீ சார், பயப்படாதீங்க." 14,500 ரூபாய் அனுப்பினேன்.

அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். சூட்டைத் தாங்குவதற்காக அந்தக் காலத்து பிரேக் லைனிங்கில் கல்நார் கலப்பதுதான் வழக்கம். சரக்கு நிஜமாகவே 1944 என்றால் கல்நார் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கல்நார் இல்லை என்றால் அது பிற்காலத்து லைனிங். அவர் ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னார், நானும் இரண்டுக்கும் தலையாட்டினேன்.

பெட்டி வந்தது. மெழுகுத்தாள், கெட்டி கிரீஸ், பழுப்பு அட்டையில் கறுப்பு எழுத்து. பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. எழுத்தைப் படித்தால் 2530 என்று தொடங்கும் 13 இலக்க இராணுவச் சரக்கு எண், அதற்குக் கீழே பாக்கிங் தேதி 1944. 2530 என்பது பிரேக், ஸ்டியரிங், ஆக்ஸில் வகைப் பாகங்களுக்கான எண்தான், அதில் தப்பில்லை. ஆனால் 13 இலக்க எண் வந்ததே 1970-களின் நடுவில். அதற்கு முன்னால் 11 இலக்கம். போர்க்காலத்தில் இரண்டுமே கிடையாது. ஃபோர்டு பாகங்களுக்கு ஜிபிடபிள்யூ என்று தொடங்கும் எண், வில்லிஸுக்கு ஏ என்ற எழுத்தோடு ஒரு எண், அவ்வளவுதான். பழைய சரக்கைப் பின்னாளில் மறுபடி பாக்கிங் செய்து புது எண் போடுவது உண்டு. அப்போது தேதியும் பின்னாள் தேதியாகத்தானே இருக்கும்?

கிரீஸைத் துடைத்துவிட்டு ஷூவைப் பார்த்தேன். ஃபோர்டு தன் பாகங்களில், போல்ட்டில்கூட, வளைந்த கையெழுத்து வடிவில் எஃப் பொறித்தது. இந்த ஷூக்களிலும் எஃப் இருந்தது. டார்ச் அடித்தால் எழுத்தின் பள்ளத்துக்குள் இரும்பு பளபளவென்று மின்னியது. ஓரத்தில் பெயிண்ட் உரிந்து நின்றது. அதாவது பெயிண்ட் அடித்து முடித்த பிறகு பஞ்ச் வைத்துத் தட்டியிருக்கிறார்கள். பெயிண்டுக்கு அடியில் துருப்பள்ளங்கள் வேறு. இந்த ஜீப்பில் ஒவ்வொரு சக்கரத்திலும் முன்பக்க ஷூவின் லைனிங் நீளம், பின்பக்க ஷூவினுடையது குட்டை. எனக்கு வந்த எட்டும் ஒரே நீளம். எங்கிருந்தோ பொறுக்கிய பழைய ஷூவில் ஏதோ ஒரு லைனிங்கை ரிவெட் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். (ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரிலும் இதே விளையாட்டு நடக்கும். உள்விட்டம் முன்சக்கரத்தில் 1 இஞ்ச், பின்சக்கரத்தில் முக்கால் இஞ்ச். வெர்னியர் வைத்து அளக்காமல் வாங்காதீர்கள்.)

சரி, பணம் போனது போகட்டும். எனக்கு அதைவிட ஆத்திரம் பட்டறையில் நடந்தது. கண்டுபிடித்ததைச் சொல்ல நான் போய்ச் சேர்வதற்குள் மெக்கானிக் டிரம்மைக் கழற்றி, கம்ப்ரசர் குழாயை வைத்து ஏர் அடித்துவிட்டார். மத்தியான வெயில் கீற்றில் அந்தத் தூசி மெதுவாக மிதந்துகொண்டிருந்தது. பக்கத்தில் உதவிப் பையன், முந்தின நாள் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்த ஒரு ஜோடி ஷூவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். மூக்கில் கைக்குட்டை. நிறுத்தச் சொன்னேன். "அண்ணே, முப்பது வருஷமா இப்படித்தான் ஊதுறோம், என்ன ஆயிடுச்சு?" என்றார் மெக்கானிக்.

முப்பது வருஷம் என்பதுதான் இதில் சிக்கலே. கல்நார் இழை நுரையீரலில் தங்கி, ஆஸ்பெஸ்டோசிஸ் என்ற நுரையீரல் நோயாகவோ புற்றுநோயாகவோ வெளியே தெரிய இருபது, முப்பது, நாற்பது வருஷம்கூட ஆகும். லைனிங்கின் நிறத்தையோ வாசனையையோ வைத்துக் கல்நார் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. ஓரத்தில் இருக்கும் எஃப்எஃப் போன்ற எழுத்துகளும் உராய்வு அளவைத்தான் சொல்லும். ஆய்வகத்தில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் உண்டு. நம் நாட்டில் கல்நார் இறக்குமதிக்கு இன்னும் முழுத் தடை இல்லை. அமெரிக்காவிலேயே 2024-இல்தான் வெள்ளைக் கல்நாருக்குத் தடை விதித்து, கடையில் விற்கும் பிரேக் லைனிங்கையும் அதில் சேர்த்தார்கள். ஆகவே பழைய டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருப்பது கல்நார் தூசி என்றே வைத்துக்கொண்டு வேலை செய்வதுதான் புத்தி.

ஏர் அடிக்கக் கூடாது, வறண்ட பிரஷ் போடக் கூடாது, லைனிங்கை உலர்ந்தபடி தேய்க்கவோ கிரைண்டரில் பிடிக்கவோ கூடாது. சோப்புத் தண்ணீரை மெதுவாகத் தெளித்து ஊறவிட்டு, ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியை ஈரத்தோடே பையில் போட்டுக் கட்ட வேண்டும். வீட்டு வேக்குவம் கிளீனர் வேண்டாம். அது இழையைப் பின்பக்கமாக அறை முழுவதும் ஊதிவிடும். கைக்குட்டையும் ஆஸ்பத்திரி மாஸ்க்கும் இதற்கு உதவாது. நுண்ணிய தூசியையும் தடுக்கும் பி100 ஃபில்டர் போட்ட மாஸ்க் வேண்டும். அன்று போட்ட சட்டையை வீட்டுத் துணிகளோடு சேர்க்காதீர்கள்.

வியாபாரிக்கு லேபிள், எஃப் எழுத்து, லைனிங் மூன்றையும் படம் எடுத்து அனுப்பினேன். "பழைய சாமான்னா அப்படித்தான் சார் இருக்கும்" என்று ஒரு பதில். அதோடு என்னை பிளாக் செய்துவிட்டார். என் வண்டியின் பழைய ஷூவுக்கே, கல்நார் இல்லை என்று பில்லில் எழுதிக் கொடுத்த இடத்தில் லைனிங் மாற்றிக்கொண்டேன்.

அந்த எட்டும் இரட்டைப் பிளாஸ்டிக் பையில், மேலே 'கல்நார், பிரிக்காதே' என்று மார்க்கரில் எழுதி, ஷெட்டில் கிடக்கின்றன. போன வாரம் பழைய இரும்புக்காரர் கிலோவுக்கு நல்ல விலை சொன்னார். கொடுக்கவில்லை.