சொகுசு விடுதிகளில் காற்றும் ஈரமும்: பதினான்கு ஆண்டு அனுபவம்

2010ஆம் ஆண்டு முதல் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒரு பயணம் என்ற கணக்கில் நானும் என் மனைவியும் ஆசியாவின் சொகுசு விடுதிகளில் தங்கி வருகிறோம். மாதச் சம்பளக்காரர்களுக்கு இது எளிதில் கைகூடும் செலவன்று. கார் வாங்குவதைத் தள்ளிப்போட்டு, வீட்டு விசேஷங்களைச் சுருக்கிச் சேர்த்த பணம் என்பதால், ஒவ்வொரு தங்கலையும் குறிப்பேட்டில் எழுதி வைக்கும் பழக்கம் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. முதல் சில ஆண்டுகளின் குறிப்புகளை இப்போது புரட்டினால், மெத்தையின் மென்மை, குளியலறைக் கல்லின் நிறம், காலை உணவில் எத்தனை வகை என்பவையே பக்கம் பக்கமாக இருக்கின்றன. அந்த விலைக்கு மெத்தை எங்கும் நன்றாகத்தான் இருக்கும் என்பது பிறகே புரிந்தது. நினைவில் நிற்கும் விடுதிகளையும் மறந்துபோன விடுதிகளையும் எது பிரிக்கிறது என்று யோசித்தபோதெல்லாம், அந்தக் கட்டடம் காற்றையும் ஈரத்தையும் எப்படி ஏற்றுக்கொள்கிறது என்ற இடத்திலேயே வந்து நின்றேன். நாங்கள் போன ஊர்களில் பெரும்பாலானவை ஆண்டில் பாதி நாள் மழையிலோ புழுக்கத்திலோ இருப்பவை. அங்கே கட்டப்படும் ஒரு விடுதி அந்த வானிலையோடு பேச்சுவார்த்தை வைத்துக்கொண்டிருக்கிறதா, அல்லது கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறதா என்பது இரண்டாம் நாளே தெரிந்துவிடுகிறது.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது இலங்கையில் தம்புள்ளைக்கு அருகே உள்ள ஹெரிட்டன்ஸ் கண்டலம. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்து 1994இல் திறக்கப்பட்ட இந்த விடுதியில் 2010, 2016, 2023 என மூன்று முறை தங்கியிருக்கிறோம். சிகிரியாப் பாறையின் அருகிலேயே விடுதி கட்டுவதுதான் முதலில் இருந்த எண்ணம். பாவா அதை ஏற்காமல், பாறையைத் தொலைவில் வைத்துப் பார்க்கும்படி, கண்டலமக் குளத்துக்கு எதிரே உள்ள ஒரு குன்றின் சரிவைத் தேர்ந்தெடுத்தார். குன்றின் முகத்தை ஒட்டியே கட்டடம் வளைந்து செல்வதால் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வருகிறது. கட்டுமானக் காலத்தில் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் சமயத் தரப்பினரும் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். குளத்தின் மறுகரையில் நின்று பார்த்தால் இன்று விடுதியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

முதல் முறை போனபோது, நுழைவாயிலில் குகை போன்ற வழியைக் கடந்தவுடன் கதவு ஒன்றைத் திறந்து குளிரூட்டிய கூடத்துக்குள் நுழைவோம் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஒரு கதவு வரவே இல்லை. மலையின் பாறை கூடத்துக்குள் நீண்டு வந்திருந்தது. அதைச் சுற்றித் தாழ்வாரங்கள் திறந்தபடி ஓடின. அறைக்குப் போகும் வழி முழுவதும் ஒரு பக்கம் ஈரம் கசியும் பாறையும் மறுபக்கம் மரக்கிளைகளுமாக இருந்தன. குளிர்பதனம் அறைக்குள் மட்டுமே. அறையிலிருந்து உணவுக் கூடத்துக்கு நடக்கும் பத்து நிமிடமும் நாம் காட்டில்தான் இருக்கிறோம். சிற்பி லக்கி சேனநாயக்க செய்த உலோக ஆந்தை சிறகு விரித்து நிற்கும் படிக்கட்டைக் கடக்கும்போதெல்லாம் கீழிருந்து ஒரு காற்றோட்டம் எழும்பி வருவதை என் மனைவிதான் முதலில் கவனித்தாள்.

2016இல் ஏப்ரல் மாதம் போயிருந்தோம். இரு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட அந்த மாதத்தில் அங்கே பிற்பகலில் இடி மழை வருவது வழக்கம். நான்கு மணிக்குத் தொடங்கிய மழையில் தாழ்வாரத்தின் வெளி ஓரம் நனைந்தது. மொட்டை மாடித் தோட்டத்திலிருந்து வழிந்த நீர் கொடிகளின் வழியே நூல் நூலாக இறங்கியது. ஊழியர்கள் யாரும் ஓடி வந்து திரை இறக்கவில்லை, பிளாஸ்டிக் பாய் விரிக்கவில்லை, விருந்தினரை உள்ளே போகச் சொல்லவில்லை. நனைவதற்கென்றே விடப்பட்ட பகுதி அது என்பது அப்போது விளங்கியது. மழை விட்டதும் கால் மணி நேரத்தில் தரை காய்ந்துவிட்டது. காற்று குறுக்கே போய் வருவதற்கு வழி இருந்ததுதான் காரணம்.

2023இல் மூன்றாம் முறை பார்த்தபோது கட்டடம் இன்னும் பாதி மறைந்திருந்தது. முகப்பில் உள்ள மரச் சட்டகங்களைக் கொடிகள் ஏறக்குறைய மூடிவிட்டன. முதல் பயணத்தில் எங்கள் பால்கனியிலிருந்து தடையின்றித் தெரிந்த குளம் இப்போது இலைகளின் இடைவெளியில் தெரிந்தது. குரங்குகள் வரும் என்பதால் பால்கனிக் கதவைத் தாழிட்டுக்கொள்ளும்படி அறையில் அறிவிப்பு இருக்கும். அதைப் பின்பற்றுவது நல்லது. பாவா 2003இலேயே மறைந்துவிட்டார். தான் வரைந்ததைச் செடிகள் தொடர்ந்து வரைந்துகொண்டிருப்பதை அவர் எதிர்பார்த்தே விட்டுச் சென்றார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பழசாகப் பழசாக நன்றாகிற விடுதியை வேறெங்கும் நான் கண்டதில்லை.

இதற்கு நேர் எதிரான அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். வேறொரு நாட்டில், கடலோரத்தில், சுவரே இல்லாமல் கண்ணாடியால் மட்டும் சூழப்பட்ட ஒரு வில்லாவில் நான்கு இரவுகள் தங்கினோம். நாங்கள் இதுவரை கொடுத்தவற்றில் மிக அதிகமான கட்டணம் அது. ஒரு சன்னலைக்கூடத் திறக்க முடியாது. இரவு முழுவதும் குளிர்பதனம் ஓடுவதால் கண்ணாடி குளிர்ந்துவிடும்; வெளியே உள்ள கடல் காற்றின் ஈரம் அதன் மேல் பனித்துளியாகப் படியும்; எந்தக் கடல் காட்சிக்காகப் பணம் கொடுத்தோமோ அது காலை ஒன்பது மணி வரை வெண்மூட்டத்துக்குப் பின்னால் கிடந்தது. ஒரு ஊழியர் தினமும் ஏழு மணிக்கு நீண்ட துடைப்பானோடு வந்து கண்ணாடியைத் துடைப்பார். அவர் திரும்பிப் போவதற்குள் அது மறுபடி மங்கிவிடும். அலமாரிக்குள் பூஞ்சண நாற்றம். அதைச் சொன்னபோது வாசனைத் திரவியம் தெளித்தார்கள். அந்த ஊழியர் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவருடைய காலை நேரம் முழுவதையும் இப்படி வீணாக்கும் கட்டடத்தை வரைந்தவர்கள் மேல்தான் இன்றும் கோபம் இருக்கிறது.

கண்ணாடி இல்லாமலும் கடலோரத்தில் உயர்ந்த வசதியைத் தர முடியும் என்பதற்கு, தாய்லாந்தின் புக்கெட் தீவில் 1988இல் விடுதித் தொழிலதிபர் அட்ரியன் ஸெக்கா தொடங்கிய அமன்புரியே சான்று. கட்டடக் கலைஞர் எட் டட்டில் வடிவமைத்த அந்த விடுதி ஒரு தென்னந்தோப்புக்குள், செங்குத்தான கூரைகள் கொண்ட தனித்தனி மண்டபங்களாக அமைந்திருக்கிறது. நாங்கள் போனது செப்டம்பரில். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் அக்டோபர் வரை அந்தக் கரையில் கடல் கொந்தளிப்பாக இருக்கும், குளிக்கக் கூடாது என்று சிவப்புக் கொடி பறக்கும். கட்டணம் குறைவு என்பதால்தான் அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தோம். கடலில் இறங்க முடியாத அந்த ஐந்து நாள்களையும் அறைக்கு வெளியே உள்ள ‘சாலா’ என்னும் திறந்த மண்டபத்தில்தான் கழித்தோம். நான்கு பக்கமும் சுவர் இல்லை. கூரையின் இறவாணம் நீண்டு தாழ்ந்திருப்பதால் சாய்ந்து அடிக்கும் மழைகூட நடுவில் இருக்கும் திண்டை எட்டுவதில்லை. நம் ஊர்த் திண்ணையில் உட்கார்ந்து மழை பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

போர்னியோவின் டானம் பள்ளத்தாக்கைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். அங்கே விடுதியைவிடக் காடுதான் பெரிது. மலேசியாவின் சபா மாநிலத்தில் உள்ள லஹாட் டத்து ஊரிலிருந்து மரம் ஏற்றும் லாரிகளுக்காகப் போட்ட மண்சாலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டும். 438 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பாதுகாக்கப்பட்ட காட்டின் நடுவே, ஆற்றங்கரையில் மரத்தூண்களின் மேல் அறைகள். எங்கள் அறையில் மேல்விசிறி மட்டும்தான். துவைத்த சட்டை மூன்று நாளாகியும் காயாது என்பதை ஏற்றுக்கொண்டு போனால் குறையே தெரியாது. அட்டைப்பூச்சிக்காக முழங்கால் வரை இழுத்துக் கட்டும் துணிக் காலுறையைத் தருகிறார்கள். கேமரா வைத்திருப்பவர்கள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பா ஒன்றைக் கட்டாயம் கொண்டு போக வேண்டும். என் லென்ஸ் ஒன்றில் பூஞ்சணம் பிடித்தது அந்தப் பயணத்துக்குப் பிறகுதான்.

ஜப்பானில் கியோட்டோவுக்கு அருகே ரியோகான் எனப்படும் பாரம்பரிய விடுதி ஒன்றில், பழைய கட்டடத்தில், ஜூன் மாத மழையின்போது இரண்டு இரவுகள் இருந்தோம். தாத்தமிப் பாய் ஈரத்தை வாங்கும் என்பதால் காலையில் படுக்கையை மடித்து அலமாரிக்குள் வைத்துத் தரையை மூச்சுவிட விடுகிறார்கள். மாலை உணவுக்கு நாம் போயிருக்கும்போது மீண்டும் விரிக்கிறார்கள். கட்டணம் அறைக்கு அல்லாமல் தலைக்கு இவ்வளவு என்று, இரு வேளை உணவையும் சேர்த்தே கணக்கிடப்படுகிறது. சைவ உணவுக்காரர்கள் பதிவு செய்யும்போதே தெளிவாக எழுத வேண்டும். காய்கறி மட்டும் தெரியும் கிண்ணத்திலும் சாறு பெரும்பாலும் உலர்ந்த சூரை மீனில் காய்ச்சியதாக இருக்கும்.

பூட்டானில் நிலைமை வேறு. போப்ஜிகா பள்ளத்தாக்கு ஏறத்தாழ 2,900 மீட்டர் உயரத்தில் உள்ளது. நவம்பர் இரவில் அங்கே ஈரத்தைவிடக் குளிர்தான் எதிரி. மண்ணை இடித்து எழுப்பிய தடித்த சுவர்களும், அறையின் நடுவே ‘புகாரி’ என்று அவர்கள் அழைக்கும் விறகடுப்பும் சேர்ந்து தந்த வெதுவெதுப்பு எந்த மின் கருவியிலும் கிடைக்காது. திபெத்திலிருந்து வரும் கருங்கழுத்துக் கொக்குகள் மோதி இறக்காதபடி அந்தப் பள்ளத்தாக்கில் மின்கம்பிகளைத் தரைக்கு அடியில் பதித்திருக்கிறார்கள் என்பதால், சன்னலுக்கு வெளியே ஒரு கம்பிகூட இல்லாத வெளி கிடைக்கிறது. அங்கே போகிறவர்கள் நாட்டின் நிலைபேற்று வளர்ச்சிக் கட்டணத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: இந்தியர்களுக்கு இரவுக்கு 1,200 ரூபாய், பிற நாட்டினர் பெரும்பாலோருக்கு 2022இல் 200 டாலராக உயர்ந்து, 2023 செப்டம்பரில் 100 டாலராகக் குறைக்கப்பட்டது.

கட்டணம் என்று வந்துவிட்டதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், சேவைக் கட்டணமும் வரியும் தனி என்று பொருள். தாய்லாந்தில் அது 10 விழுக்காடும், அதன் மேல் 7 விழுக்காடும். இலங்கையில் 2024 ஜனவரியிலிருந்து மதிப்புக் கூட்டு வரி மட்டுமே 18 விழுக்காடு. ஆறு இரவுத் தங்கலில் இது இன்னொரு இரவின் விலையைத் தாண்டிவிடும்.

மறுபடி இலங்கைக்கு வருகிறேன். காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றி, பழைய தோட்டத் துரைமாரின் பங்களாக்களைப் புதுப்பித்து 2005 முதல் நடத்தப்படும் சிலோன் டீ டிரெயில்ஸில் 2018இல் மூன்று இரவுகள் தங்கினோம். அந்தப் பங்களாக்களில் ஒன்று 1888இல் கட்டப்பட்டது. தடித்த சுவர், உயர்ந்த கூரை, அறைதோறும் கணப்பு என்று மலைநாட்டு மழையை எதிர்பார்த்தே அவை எழுப்பப்பட்டிருக்கின்றன. எங்களைக் கவனித்துக்கொண்டவர் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்த மலையகத் தமிழர். முதல் மாலையில் வானத்தைப் பார்த்துவிட்டு, “மழ விட்டா பனி எறங்கும் சேர், கணப்ப இப்பவே மூட்டிடுறேன்” என்றார். வேறெந்த நாட்டிலும் என் தாய்மொழியில் எனக்கு வானிலை சொன்ன விடுதி ஊழியர் இல்லை.

அடுத்த நாள் காலை மூடுபனிக்குள் கொழுந்து பறிக்கும் பெண்களைக் கடந்து நடந்தபோது, அவர்கள் வாழும், வரிசையாக ஒட்டிக் கட்டப்பட்ட லயன் அறைகள் தெரிந்தன. தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 இலங்கை ரூபாய் ஆனதே நெடுநாள் போராட்டத்துக்குப் பிறகு 2021இல்தான். அந்த லயங்களின் தகரக் கூரைக்குக் கீழே ஈரம் என்னவாக இருக்கும் என்பதை, கணப்பின் முன் உட்கார்ந்திருந்த எனக்கு நினைக்காமல் இருக்க முடியவில்லை. அந்தப் பயணத்தை ரசித்தேன் என்று எழுதும் அதே பக்கத்தில் இதையும் எழுதியிருக்கிறேன், இரண்டும் உண்மை. விடுதியிலிருந்து விடைபெறும்போது ஊழியர் அனைவருக்குமான பெட்டியில் போடும் தொகையை அன்று முதல் எங்கள் பயணச் செலவில் முன்கூட்டியே ஒதுக்கிவிடுகிறோம்.

இப்போதெல்லாம் பதிவு செய்வதற்கு முன் விடுதிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறேன். அறையின் சன்னலைத் திறக்க முடியுமா, கொசுவலை இருக்கிறதா, குளிர்பதனத்தை நிறுத்தினால் மேல்விசிறி உண்டா, மழை நாளில் உட்காரக் கூரையிட்ட திறந்த இடம் அறையோடு சேர்ந்து இருக்கிறதா என்று கேட்பேன். தங்கள் கட்டடத்தை அறிந்தவர்கள் அன்றே விவரமாகப் பதில் எழுதுகிறார்கள், சிலர் எந்தத் தளத்தில் காற்று நன்றாக வரும் என்றும் சேர்த்துச் சொல்கிறார்கள். விளம்பரப் படங்களின் தொகுப்பை மட்டும் பதிலாக அனுப்பும் விடுதிகளுக்கு நாங்கள் போவதில்லை.

வரும் டிசம்பரில் நான்காம் முறையாகக் கண்டலமவுக்குப் போகிறோம். முந்தைய மூன்று பயணங்களும் குளம் வற்றியிருந்த மாதங்களிலோ, பாதி நிரம்பியிருந்த மாதங்களிலோ அமைந்தன. வடகிழக்குப் பருவமழை அப்போது உச்சத்தில் இருக்கும், சிகிரியா ஏறுவது சிரமம், யானை பார்ப்பதற்கும் ஏற்ற காலமன்று என்று பயண முகவர் எச்சரித்தார். குளம் கரை தொட்டு நிற்பதை அந்தத் தாழ்வாரத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று சொல்லி அதே தேதிக்கே அறை எடுத்திருக்கிறோம்.