147573952589676412927 பகா எண்ணா? எந்தச் சோதனையைக் கேட்கலாம்?

21 இலக்கம். 2⁶⁷ − 1 என்று எழுதினால் அடக்கமாகிவிடும். 1644-இல் பிரெஞ்சுத் துறவி மெர்சென் இதைப் பகா எண் பட்டியலில் போட்டுவிட்டார், தவறு. அந்தத் தவறை யார் எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பார்த்தாலே சோதனைகளின் குணம் தெரிந்துவிடும்.

முதலில் வகுத்துப் பார்ப்பது. 3, 5, 7 என்று ஒற்றை எண்களாகப் போனால் 193707721-இல்தான் மீதியின்றி வகுபடும்; கிட்டத்தட்ட 9.7 கோடி முறை வகுக்கவேண்டும். ஆனால் இந்த எண்ணின் காரணி எதுவும் 134k + 1 (k முழு எண்) என்ற வடிவில்தான் இருக்கமுடியும். அதை வைத்துத் தேடினால் k = 1445580-இல் சிக்கிவிடும். இன்னொரு காரணி 761838257287. இன்றைய கணினிக்கு இது ஒன்றுமே இல்லை. 1903-இல் இவற்றை வெளியிட்ட கணிதவியலாளர் கோல் கையால் கணக்குப் போட்டவர். காரணியையே கையில் கொடுப்பது இந்த முறையின் பலம். சின்னக் காரணி இல்லாத 100 இலக்க எண்ணிடம் பாச்சா பலிக்காது.

ஃபெர்மா சோதனை வேகமானது: n பகா எண்ணாக இருந்து, a அதன் மடங்காக இல்லாவிட்டால், aⁿ⁻¹-ஐ n-ஆல் வகுக்கும்போது மீதி 1. ஆனால் a = 2 வைத்தால் நம் எண் ஜம்மென்று தேறிவிடுகிறது! 2⁶⁷-இன் மீதி 1, n − 1 என்பதோ 67-இன் மடங்கு, வேறென்ன வரும்? மில்லர்–ராபின் சோதனை n − 1-ஐ 2-ஆல் முடிந்தவரை வகுத்து, மிஞ்சும் ஒற்றை எண்ணை அடுக்காக வைத்துத் தொடங்கி, வர்க்கப்படுத்திக்கொண்டே போய் வழியில் வரும் மீதிகளையும் பார்க்கும். அதுவும் a = 2-இல் இதே எண்ணிடம் ஏமாறும். அடிமானத்தை (a-ஐ) 2-ஓடு நிறுத்தி நிரல் எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

அப்படியானால் இரண்டும் ஒன்றா? இல்லை. 561-ஐ எடுங்கள். அதனோடு பொதுக் காரணி இல்லாத எந்த a-ஐக் கொடுத்தாலும் ஃபெர்மா சோதனையில் தேறிவிடும். மில்லர்–ராபினில் 560 = 16 × 35 என்பதால் 2³⁵-இல் தொடங்கவேண்டும்; அதன் மீதி 263. வர்க்கப்படுத்திக்கொண்டே போனால் 166, 67, 1. பகா எண்ணாக இருந்தால், வர்க்கம் 1 ஆகும் மீதி 1 அல்லது n − 1 ஆகத்தான் இருக்கும். இங்கே வர்க்கம் 1 ஆகிறது, ஆனால் 67 என்பது 1-உம் இல்லை, 560-உம் இல்லை. கையும் களவுமாகப் பிடிபட்டது. போதாக்குறைக்கு 66-க்கும் 561-க்கும் மீ.பொ.வ 33, 68-க்கும் 561-க்கும் 17. காரணிகளே வந்து விழுகின்றன. (எப்போதும் இப்படி விழாது.) மில்லர்–ராபினை எந்தப் பகு எண்ணும் கால்வாசி அடிமானங்களுக்கு மேல் ஏமாற்றமுடியாது. 64 பிட்டுக்குள் (2⁶⁴-க்குக் கீழே) 2 முதல் 37 வரையுள்ள 12 பகா எண்களை அடிமானமாக வைத்தால் சந்தேகத்துக்கே இடமில்லை. அன்றாட வேலைக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

2002-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யிலிருந்து அக்ரவால், கயல், சக்சேனா தந்த ஏ.கே.எஸ் எந்த எண்ணுக்கும் உறுதியான தீர்ப்பைப் பல்லுறுப்புக்கோவை நேரத்தில் (இலக்கங்கள் கூடும்போது நேரம் கட்டுக்கடங்காமல் பெருகாமல்) சொல்லும். கோட்பாட்டில் மணிமகுடம், நடைமுறையில் நத்தை.

மெர்சென் வடிவ எண்ணுக்கு (2ᵖ − 1, p பகா எண்) மட்டும் லூக்கா–லேமர் சோதனை இருக்கிறது. 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்து n-ஆல் வகுத்த மீதியை எடுங்கள். நம் எண்ணுக்கு 65 (67 − 2) சுற்று முடிவில் பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா 1876-லேயே இந்த எண் பகு எண் என்று காட்டிவிட்டார், ஒரு காரணிகூடத் தெரியாமல். 2024-இல் கிடைத்த 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 என்ற 4,10,24,320 இலக்க எண்ணை முதலில் மோப்பம் பிடித்தது ஃபெர்மா வகைச் சோதனை. முத்திரை குத்தியது லூக்கா–லேமர்.