ஸ்ட்ரைக் நாளில் எந்த ரயில் ஓடலாம்?

பொம்மிடியில் ஏறி சேலத்துக்கு வேலைக்கு வருபவரிடம் கேட்டால், ஸ்ட்ரைக் அன்றும் காலை ரயில் வேண்டும் என்பார். நியாயம்தான். அந்தக் குறைந்தபட்ச ரயிலை எதை வைத்துக் கணக்கிடுவது என்பதில்தான் நாட்டுக்கு நாடு வழி மாறுகிறது.

பிரிட்டன் 2023-ல் கொண்டுவந்து 2025-ல் ரத்து செய்த முறையில், வழக்கமான பயணி ரயில்களில் 40 சதவீதம் ஓட வேண்டும் என்று இருந்தது. அதற்கு யார் யார் வர வேண்டும் என்று நிர்வாகமே பெயர் குறித்து நோட்டீஸ் தர முடிந்தது. எனக்கு இதில் உடன்பாடில்லை. எண்ணை முதலில் எழுதிவிட்டு ஆளைப் பிறகு தேடினால், கிடைத்தவரை உட்கார வைக்கத்தான் தோன்றும். 1918 நவம்பரில் நியூயார்க்கில் ஓட்டுநர்கள் ஸ்ட்ரைக்கில் இருந்தபோது, போதிய பயிற்சி இல்லாத ஊழியரிடம் ரயிலைக் கொடுத்தார்கள். வளைவில் வேகம் குறையவில்லை. 90 பேருக்கு மேல் இறந்தார்கள். 2013 அக்டோபரில் சான்பிரான்சிஸ்கோ பக்கம், ஸ்ட்ரைக் நடுவே பயிற்சியில் இருந்தவர் ஓட்டிய ரயில் மோதி, தண்டவாளத்தைச் சோதித்துக்கொண்டிருந்த இருவர் செத்துப்போனார்கள்.

பிரான்ஸின் 2007 சட்டம் தலைகீழாக யோசிக்கிறது. ஸ்ட்ரைக்கில் சேருபவர் 48 மணி நேரம் முன்பே சொல்லிவிட வேண்டும். மிச்சமிருக்கும் ஆட்களுக்கு ஏற்ற அட்டவணை 24 மணி நேரம் முன்பு பயணிக்குத் தெரிய வேண்டும். இத்தாலியில் வேலை நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை உள்ளூர் ரயில்களுக்கு உத்தரவாதம் உண்டு.

நம் லைனுக்கு இந்த இரண்டையும் சேர்த்த முறைதான் சரி என்பேன். லோக்கூர், டேனிஷ்பேட்டை பக்கம் சேர்வராயன் மலையடிவாரத்தில் போகும் பாதையை லோகோ பைலட் பழகியிருக்க வேண்டும். அவர் மட்டும் இருந்தாலும் போதாது. கேட்கீப்பர் கேட்டைப் பூட்டி, அதை உறுதிசெய்ய ஸ்டேஷன் மாஸ்டரோடு பிரைவேட் நம்பர் என்ற ரகசிய எண்ணை மாற்றிக்கொள்ள வேண்டும். தண்டவாளத்தை நடந்தே சோதிக்கும் கீமேன் சுத்தியலும் ஸ்பேனருமாகத் தன் பீட், அதாவது தனக்கு ஒதுக்கிய தூரம், முழுக்க நடந்து, தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் கிளிப் கழன்றிருந்தால் அடித்து இறுக்க வேண்டும். இவர்களில் ஒருவர் குறைந்தாலும் ரயிலைக் குறைக்க வேண்டுமே தவிர, அந்த இடத்தில் வேறொருவரைத் திணிக்கக் கூடாது.

நம் சட்டத்திலும் 14 நாள் முன்னறிவிப்பு உண்டு. அந்த அவகாசத்தில் நிர்வாகமும் சங்கமும் உட்கார்ந்து, காலை மாலை பாசஞ்சரையும் மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கான நிலக்கரி வண்டியையும் முதலில் எழுதிக்கொள்ளலாம். அதற்கும் தகுதியான ஆள் போதாவிட்டால், அன்று பொம்மிடிக்குக் கூடுதல் பஸ் விடட்டும்.