‘ஆரம்பிக்கும்போது’ என்ற ஒரு சொல்லுக்கு மூணேகால் லட்சம்

பூமி பூஜை அன்றைக்கே ஒருத்தர் வந்து நின்றார். வண்டியை மனை ஓரத்தில் நிறுத்திவிட்டு, "காண்ட்ராக்டர் இங்க வந்தாராம்மா?" என்று கேட்டார். ஐயர் கிளம்பி, நான் தொன்னையில் பொங்கல் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த நேரம். "இப்பதான் போனாரு" என்றேன். நல்ல காரியம் நடக்கிற இடத்தில் இப்படி மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து நிற்கிறாரே என்று எரிச்சல். ஒரு தொன்னைகூட நீட்டவில்லை. எதற்குத் தேடுகிறீர்கள் என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் எங்களுக்கு ஆறு லட்சம் மிஞ்சியிருக்கும்.

மதுரையில் ஒத்தக்கடையைத் தாண்டி எங்கள் இடம். பத்து சதுரம், அதாவது ஆயிரம் சதுர அடி. பொருள், கூலி எல்லாம் சேர்த்து சதுர அடிக்கு 2,150 ரூபாய் வீதம் ஃபுல் காண்ட்ராக்ட், மொத்தம் 21,50,000. ஆளை எங்க வீட்டுக்காரரோட வேலை பார்க்கிறவர் சொல்லிவிட்டார். முதல் நாளே என்னைத் தங்கச்சி என்றார். "இது என் தங்கச்சி வீடு, மாப்ள நீங்க நிம்மதியா வேலைக்குப் போங்க" என்றார். மாப்பிள்ளையும் நிம்மதியாகத்தான் போனார்.

அக்ரிமென்ட் இரண்டு பக்கம், இருபது ரூபாய் பத்திரத்தில். பணம் கொடுக்க வேண்டிய கட்டங்கள் இப்படி இருந்தன: அட்வான்ஸ் 10 சதவீதம், பேஸ்மென்ட் ஆரம்பிக்கும்போது 20, லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் பட்டை) ஆரம்பிக்கும்போது 20, ரூஃப் ஆரம்பிக்கும்போது 25, பூச்சு ஆரம்பிக்கும்போது 15, மீதி 10 சாவி கொடுக்கும்போது. நானும் படித்தேன், இவரும் படித்தார். ‘ஆரம்பிக்கும்போது’ என்பது இரண்டு பேர் கண்ணிலும் உறுத்தவில்லை. வீட்டுக்கடன் கொடுத்த பேங்க் அப்படி இல்லை. ஒவ்வொரு கட்டமும் முடிந்து, அவர்கள் ஆள் வந்து போட்டோ எடுத்த பிறகுதான் அடுத்த தவணை. காண்ட்ராக்டருக்கு முன்னால் கொடுக்கணும், பேங்க் பின்னால் தரும். நடுவில் இருக்கிற பள்ளத்தில் என் பதினாலு சவரன் போய் உட்கார்ந்தது. இந்தப் பக்கம் வாடகை 8,500, அந்தப் பக்கம் கடனுக்கு வட்டி, கூட நகைக்கடன் வட்டி.

இன்னொரு சொல் ‘தரமான’. தரமான கம்பி, தரமான சிமென்ட், தரமான கதவு. எந்தக் கம்பெனி, எத்தனை மி.மீ., எத்தனை இஞ்ச் இடைவெளி என்று ஒரு வரி கிடையாது.

ரூஃபுக்குக் கம்பி கட்டி முடித்த சாயங்காலம், கீழே கிடந்த துண்டுகளில் ஒன்றை எடுத்து டேப் வைத்து அளந்து, அரை மீட்டரில் வெட்டித் தரச் சொன்னேன். கம்பி கட்டுகிற தம்பி சிரித்துக்கொண்டே வெட்டிக் கொடுத்தான். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 888 கிராம் இருக்கணும். கணக்கு சுலபம்தான்: மி.மீ. அளவை அதே அளவால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். அரை மீட்டருக்கு 444. மளிகைக் கடை அண்ணாச்சி தராசில், கொத்தமல்லிக் கட்டைத் தள்ளிவிட்டு வைத்தேன். 395. எடுத்து மறுபடி வைத்தேன். 395. ஐந்தாறு சதவீதம் கூடக் குறைய இருப்பது சகஜம், இது பதினொன்று. "என்னம்மா, கம்பியைக் குழம்பு வைக்கவா?" என்றார் அண்ணாச்சி.

காண்ட்ராக்டரிடம் கேட்டேன். "தங்கச்சி, அதுல வெங்காயம் நிறுக்கலாம், கம்பி நிறுக்க முடியுமா?" என்றார். கூட நின்ற கொத்தனாரும் சிரித்தார். எங்க வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில், ஊர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாயே என்று இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். லாரி ஏறிய எடைமேடைச் சீட்டைக் கேட்டிருக்க வேண்டும்.

கான்கிரீட் போட்ட அன்று 110 மூட்டை சிமென்ட் போட்டதாகக் காண்ட்ராக்டர் சொன்னார். மறுநாள் காலிச் சாக்கு வாங்க ஆள் வந்தபோது எண்ணிக் கொடுத்தது நான். 86.

ஆனாலும் சொல்லணும், அந்தச் சித்திரை மாதம்தான் எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிற வேலையையும் எங்கள் தலையில் கட்டிவிட்டார், அக்ரிமென்ட்டில் அதுவும் இல்லை. சாதா சிமென்ட்டுக்கே குறைந்தது ஏழு நாள், சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமென்ட் என்றால் பத்து நாள் ஈரம் காயக்கூடாது. நாங்கள் இருபது நாள் விட்டோம். காலை ஐந்தரைக்கு இவர் மோட்டார் போடுவார், நான் ஹோஸ் பிடிப்பேன். சாயங்காலம் டிபன் பாக்ஸில் தோசையை எடுத்துக்கொண்டு போய், தளத்துக் கைப்பிடிச்சுவர் வரப்போகிற ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவோம். இங்கே துணி காயப்போடுவது, அங்கே டேங்க் என்று பேச்சு. பாத்தித் தண்ணீரில் யானைமலை தலைகீழாகத் தெரியும்.

சென்ட்ரிங், அதாவது தளத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்த பலகைகளை, பிரித்த மூன்றாம் நாள் காண்ட்ராக்டர் பூச்சு ‘ஆரம்பித்தார்’. ஒரு லோடு மணல், பத்து மூட்டை சிமென்ட், இரண்டு ஆள். ஹாலில் ஒரு சுவர் பூசினார்கள். அன்றைக்கே 15 சதவீதம், 3,22,500 கேட்டு வாங்கிக்கொண்டார். அதில் ஒன்றரை லட்சம் ரொக்கம், ரசீது இல்லை. மறுநாளிலிருந்து ஆள் வரவில்லை. "ஆள் ஊருக்குப் போயிருக்கு", "திங்கக்கிழமை வந்துருவாங்க", "பெரிய காரியம் ஒண்ணு ஆயிருச்சு தங்கச்சி". அப்புறம் போன் எடுப்பதே இல்லை. பக்கத்து வீட்டு நம்பரிலிருந்து கூப்பிட்டால் முதல் ரிங்கிலேயே எடுப்பார், என் குரல் கேட்டதும் லைன் கட்டாகும்.

கொடுத்தது 19,35,000. வேறு இன்ஜினியரைக் கூட்டிவந்து காட்டினால், நிற்கிற கட்டடத்துக்குப் பதிமூன்று லட்சம் மதிப்புச் சொன்னார். மீதி எங்கே போனது என்றும் அவரே சொன்னார்: எங்களுக்கு முந்தின ஆள் வீட்டுப் பாக்கி வேலைக்கு எங்கள் அட்வான்ஸ், எங்கள் பூச்சுக் காசு அடுத்த மனையின் பேஸ்மென்ட்டுக்கு. சுழன்றுகொண்டே இருக்கும்வரை யாருக்கும் தெரியாது.

வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டிருக்கிறோம். வீடு கட்டித் தருவதும் சட்டப்படி சேவைதான். கொடுத்த தொகை 50 லட்சம் வரை மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருஷத்துக்குள் போடணும். எங்கள் தொகைக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். பேங்க் வழியாகக் கொடுத்ததற்கும் வாட்ஸ்அப்பில் அவர் பேசியதற்கும் ஆதாரம் இருக்கிறது. அந்த ஒன்றரை லட்சத்துக்கு ஒன்றுமே இல்லை. மீதிப் பூச்சை நாள் கூலிக்கு ஆள் வைத்துச் செய்கிறோம், சனிக்கிழமை சம்பளம். அன்றைக்கு என்னைப் பார்த்து முறைத்தவர் இப்போது காலிச் சாக்கை எண்ணி எனக்கு மெசேஜ் போடுகிறார்.

போன மாதம் அவருடைய புது சைட் எங்கே என்று தெரிந்து, ஸ்கூட்டியில் தேடிப் போனேன். பேஸ்மென்ட் எழும்பியிருந்தது. எங்கள் வீட்டுச் சென்ட்ரிங் பலகைகள் அங்கே அடுக்கிக் கிடந்தன. என் வயசுப் பெண் ஒருத்தி வேலையாட்களுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். "காண்ட்ராக்டர் இருக்காராம்மா?" என்றேன். "இப்பதான் கிளம்பினாரு" என்றாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

விவரத்தைச் சொல்லத் தொடங்கினேன். முழுசாகக் கேட்கவில்லை. என் நம்பரை ஒரு சிமென்ட் பில்லின் பின்னால் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இதுவரை கூப்பிடவில்லை.