சலாவையும் சன்னையும் வாங்கி நான் ஏமாந்த கதை

பேன்டஸி லீக்கை, அதாவது நிஜ ஆட்டக்காரர்களை நம் டீமில் எடுத்து, நிஜ மேட்சில் அவர்கள் ஆடுவதை வைத்துப் புள்ளி வாங்கும் ஆட்டத்தை, டிராஃப்ட் முறையில் ஆடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு வீரர் லீக்கில் ஒருத்தரிடம் மட்டும்தான் இருப்பார், நமக்கு வேண்டுமென்றால் அவரிடம் பேசி டிரேடு பண்ணித்தான் வாங்க வேண்டும், அந்த முறை. காசு கட்டி ஆடும் சமாச்சாரம் இல்லை. எங்கள் லீக்கில் பத்துப் பேர், எல்லாரும் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம், மூன்று பேர் இப்போது வளைகுடாவில். கடைசி இரண்டு இடம் வருகிறவர்கள் ஊர் டீமுக்கு ஜெர்சி செட் எடுத்துக் கொடுக்க வேண்டும், பந்தயம் அவ்வளவுதான். சந்தோஷ் டிராபி ஆடியவர்கள் பலர் இருக்கிற கரை இது, அதனால் பந்தைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம் என்ற நினைப்பு எல்லாருக்கும் உண்டு. எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

2023-24 இங்கிலீஷ் பிரீமியர் லீக் சீசன். 20 ரவுண்டு முடியும்போது நான் மூன்றாவது இடம். செப்டம்பரில் மான்செஸ்டர் சிட்டியிலிருந்து செல்சிக்கு வந்த கோல் பால்மரை யாரும் சீண்டாதபோது சும்மா எடுத்துப் போட்டிருந்தேன், சிட்டியின் ஃபோடனும் என்னிடம்தான். ஜனவரி 2 அதிகாலை, நம்ம நேரம் ஒன்றரைக்குத் தொடங்கிய லிவர்பூல் – நியூகாசில் ஆட்டம். லிவர்பூலின் சலா ஒரு பெனால்டியைக் கோட்டைவிட்டுவிட்டு அப்புறம் இரண்டு கோல் அடித்து, ஒன்றுக்கு அசிஸ்டும் (கோலுக்கு முந்தின பாஸ்) கொடுத்து 4-2. ஆட்டம் முடிந்த கையோடு போன். பேர் சொல்ல மாட்டேன், ஞாயிற்றுக்கிழமை பூசையில் முகத்தில் விழிக்க வேண்டும்.

"கேட்டியா மக்கா, சலாவையும் சன்னையும் தாறேன். பால்மரையும் ஃபோடனையும் நீ தா."

கூடவே சீசன் மொத்தக் கணக்கை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினார். சலா 14 கோல், 8 அசிஸ்ட். டாட்டன்ஹாமின் தென்கொரியக்காரர் சன் 12 கோல். என் பால்மர் வெறும் 8 கோல். இதைப் பார்த்தால் யாருக்குத்தான் கை நிற்கும்?

நான் ஒன்றுமே கேட்கவில்லை என்று நினைக்காதீர்கள். "அண்ணே, சலா ஆப்பிரிக்கக் கோப்பைக்குப் போறான்லா? சன் ஆசியக் கோப்பைக்குப் போறான்லா?" என்று கேட்டேன். "எல்லாம் ரெண்டு மூணு வாரம் மக்கா, நீ பேடிக்காத. அதுவரைக்கும் பால்மரை உனக்கே திருப்பித் தாறேன், அவனுவ வந்தப்புறம் எனக்குத் தா" என்றார். எல்லாம் போனில்தான், ஒரு வரிகூட எழுத்தில் இல்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. எங்கள் லீக்கில் அட்மின் ஒப்புக்கொண்டால் டிரேடு முடிந்தது. அட்மின் யார்? அவருடைய மச்சினன். நான் காலையில் கட்டன் சாயா குடித்து முடிப்பதற்குள் அனுமதி வந்துவிட்டது.

ஜனவரி 12 அன்று பால்மரைக் கேட்டேன். பதில் இல்லை. குரூப்பில் கேட்டதும் மச்சினன் வந்து, ஆளைக் கடன் கொடுத்து வாங்குவது விதிப்படி தடை, அதெல்லாம் கூட்டுச்சேர்ந்து ஆடுவதுபோல ஆகிவிடும் என்றார். விதி சரியானதுதான், இந்தக் கோபத்திலும் அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த விதி தெரிந்துகொண்டேதானே வாக்கு கொடுத்தார்? மறுநாள் புல்ஹாமுக்கு எதிராக பால்மர் பெனால்டி அடித்து செல்சி 1-0. அவர் குரூப்பில் ஒரு கும்பிடு மட்டும் போட்டார்.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. ஜனவரி 18, எகிப்துக்காக ஆடின கானாவுக்கு எதிரான ஆட்டத்தில் சலாவுக்குத் தொடையில் காயம். பிப்ரவரி 6 என் வாழ்க்கையில் மறக்காத நாள். நம்ம நேரப்படி அதிகாலை பிரென்ட்ஃபோர்டுக்கு எதிராக ஃபோடன் ஹாட்ரிக், ராத்திரி தென்கொரியா ஜோர்டானிடம் 0-2 தோற்று வெளியே. முந்தின நாள் ராத்திரி டேபிள் டென்னிஸ் விவகாரத்தில் டீமுக்குள்ளேயே தள்ளுமுள்ளாகி சன் விரல் வேறு பிசகியிருந்தது. சலா பிப்ரவரி 17 வந்தார், மாற்று ஆளாக இறங்கி ஒரு கோல், ஒரு அசிஸ்ட், அத்தோடு மறுபடியும் காயம். மொத்தம் ஆறு லீக் ஆட்டம் போச்சு. சன்னுக்கு மூன்று போச்சு.

சீசன் முடிந்தபோது சலா 18 கோல், 10 அசிஸ்ட். அதாவது நான் வாங்கின பிறகு கிடைத்தது நான்கு கோல், இரண்டு அசிஸ்ட். பால்மர் 22 கோல், 11 அசிஸ்ட். நான் கொடுத்த பிறகு மட்டும் 14 கோல், அதில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக 101-வது நிமிஷ வெற்றி கோலோடு ஒரு ஹாட்ரிக், ஏப்ரல் 15 எவர்டனுக்கு எதிராக நான்கு.

என் தப்பு எங்கே என்று ரொம்ப நாள் யோசித்தேன். ஸ்கிரீன்ஷாட்டில் இருந்த ஒரு கோலும் எனக்கு வரப்போவதில்லை, அந்தப் புள்ளிகள் ஏற்கெனவே அவர் கணக்கில் ஏறிவிட்டன. நான் வாங்கினது மிச்சமிருந்த 18 ஆட்டத்தை மட்டும். ஒரு சீசனோடு கலைகிற லீக்கில் அடுத்த வருஷத்துக்கு ஆளைச் சேர்த்து வைக்கவும் முடியாது, பேருக்கும் பெருமைக்கும் மதிப்பே கிடையாது. 18-ல் இவன் எத்தனை ஆடுவான், எத்தனை நிமிஷம் ஆடுவான், பெனால்டி யார் அடிக்கிறான் என்று பார்த்திருக்க வேண்டும். செல்சியில் பெனால்டி பால்மர் அடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும், தெரிந்தும் கொடுத்தேன். ஆழ்கடல் தொழிலுக்கு வள்ளம் ஏறிப் போனவனை, எவ்வளவு பெரிய ஆட்டக்காரனானாலும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேட்சுக்கு நாம் எண்ணுவோமா? கரையில் இருக்கிறவனை வைத்துத்தானே லிஸ்ட் போடுவோம். இதை ஊரில் சின்னப் பையன்கூடச் சொல்வான்.

இன்னொன்று, அவன் இல்லாத வாரத்தில் யாரை இறக்குவது? பத்துப் பேர் லீக்கில் ஆளுக்கு ஐந்து மிட்பீல்டர் என்றால் ஐம்பது பேர் போய்விட்டார்கள். மிச்சம் கிடக்கிறவர்கள் அறுபது நிமிஷம் ஓடி இரண்டு புள்ளி வாங்கிக் கொடுக்கிறவர்கள். ஒரு மிட்பீல்டர் கோலுக்கு ஐந்து, அசிஸ்ட்டுக்கு மூன்று. பெரிய ஆள் இரண்டு பேர் ஒரே மாதத்தில் காணாமல் போனால் அந்த ஓட்டையை இரண்டு புள்ளிக்காரர்களை வைத்து அடைக்க முடியாது. அதோடு மே மாதம் 37-வது வாரத்தில் செல்சிக்கு இரண்டு ஆட்டம் வந்து சேர்ந்தது. அதை ஜனவரியில் யாராலும் கணித்திருக்க முடியாது, அதற்கு அவரைக் குறை சொல்ல மாட்டேன். பெரிய டோர்னமென்ட் தேதி மட்டும் முன்னாடியே எல்லாருக்கும் தெரியும்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், 2025 டிசம்பரில் அதே ஆள் காலேஜ் படிக்கிற ஒரு பையனிடம் எம்பூமோவைத் தள்ளப் பார்த்தார். மொராக்கோவில் ஆப்பிரிக்கக் கோப்பை டிசம்பர் 21-ல் தொடங்கவிருந்தது, எம்பூமோவின் கேமரூனும் அதில் ஆடவிருந்தது. அதே ஸ்கிரீன்ஷாட், அதே "பேடிக்காத". நல்லவேளை பையன் என்னிடம் கேட்டான். மொத்தப் புள்ளியைக் காட்டி அவசரப்படுத்துகிறவரிடம் காலண்டரைக் கேள் என்றேன், அட்மினுக்கு அவர் என்ன உறவு என்பதையும் சொன்னேன். என்ன வாக்கு கொடுத்தாலும் டிரேடு முடியும் முன்பே எல்லாரும் பார்க்கும்படி குரூப்பில் எழுதச் சொல் என்றேன். எழுதச் சொன்னதும் அந்தப் பேச்சு அப்படியே நின்றுவிட்டது.

நான் அந்த சீசனில் ஒன்பதாவது. பாதி ஜெர்சி என் செலவு. எங்கள் ஊர் டீமில் லெஃப்ட் பேக் ஆடுகிறவரும் என்னிடம் சலாவைத் தள்ளின அதே ஆள்தான். நம்பர் என்ன வேண்டும் என்று கடைக்காரர் கேட்டதற்கு, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே 20 என்றார். பால்மர் அந்த வருஷம் போட்ட நம்பர். அதற்கும் நான்தான் பணம் கொடுத்தேன்.