ஸ்பிரெட்டா, மனிலைனா? ஒரே என்பிஏ அணிமேல் பெட் கட்டத் தொடங்குபவர்களுக்கு

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் ஒரே ஒரு அணியைப் பிடித்துக்கொண்டு அதன் ஆட்டங்களுக்கு மட்டும் பெட் கட்டலாம் என்று நினைப்பவருக்கு முதலில் வரும் குழப்பம், ஸ்பிரெட்டில் கட்டுவதா மனிலைனில் கட்டுவதா என்பதுதான். நான் இந்தியானா பேசர்ஸ் ரசிகன். இரண்டையும் கட்டிப் பார்த்துவிட்டு ஸ்பிரெட்டில் நின்றுவிட்டேன், அதனால் நடுநிலையான ஒப்பீட்டை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். ஓவர்/அண்டர், பார்லே, ஃபியூச்சர்ஸ் எல்லாம் கடைசியில் கொஞ்சம் வரும்.

தெரிந்த விஷயங்களை வேகமாகத் தாண்டிவிடலாம். மனிலைன் என்றால் யார் ஜெயிப்பார்கள், அவ்வளவுதான். பேவரிட்டுக்கு, அதாவது ஜெயிக்கும் என்று எதிர்பார்க்கப்படும் அணிக்கு -280, எதிரணிக்கு +230 என்று போட்டிருந்தால், பேவரிட்டில் 100 டாலர் ஜெயிக்க 280 டாலர் வைக்க வேண்டும், எதிரணியில் 100 வைத்தால் 230 லாபம். ஸ்பிரெட்டில் பேவரிட்டின் தலையில் சில புள்ளிகளைச் சுமத்திவிடுகிறார்கள். -6.5 என்றால் அந்த அணி குறைந்தது 7 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தால்தான் உங்கள் பெட் ஜெயிக்கும். எதிரணிமேல் (+6.5) கட்டியவருக்கு அந்த அணி 6 புள்ளியில் தோற்றாலும் பணம் வரும். விலை பெரும்பாலும் இரண்டு பக்கமும் -110, அதாவது 100 ஜெயிக்க 110. ஸ்பிரெட் -7 என்று முழு எண்ணாக இருந்து ஆட்டமும் சரியாக 7-இல் முடிந்தால் கட்டிய பணம் அப்படியே திரும்பி வரும்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க 2025 இறுதிப் போட்டியின் முதல் ஆட்டமே போதும். ஓக்லஹோமா சிட்டி தண்டர் அந்த சீசனில் 68 ஆட்டம் ஜெயித்த அணி, சொந்த மைதானம், பெரிய பேவரிட். நான்காவது குவார்ட்டரில் பேசர்ஸ் 15 புள்ளி பின்தங்கியிருந்தது. அங்கிருந்து ஏறி வந்து, 0.3 வினாடி மிச்சம் இருக்கும்போது டைரிஸ் ஹாலிபர்டன் போட்ட பந்தில் 111-110 என்று ஜெயித்தது. பேசர்ஸ் மனிலைனில் கட்டியவருக்கு அந்த ஒரு ஷாட்டில்தான் உயிர். பேசர்ஸ் ஸ்பிரெட்டில் கட்டியவருக்கோ அந்தப் பந்து உள்ளே போனாலும் போகாவிட்டாலும் பணம் வந்திருக்கும், ஏனென்றால் அந்த நேரத்தில் வித்தியாசமே ஒரு புள்ளிதான். ரசிகனாக எனக்கு எது சந்தோஷம் என்பது வேறு, பெட்டாக எது நிம்மதி என்பது வேறு.

ஆனால் நான் ஸ்பிரெட்டைத் தேர்ந்தெடுத்தது நிம்மதிக்காக இல்லை, கமிஷனுக்காக. இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் புதிதாக வருபவர்கள் எந்த அணி, எந்த வீரர், யாருக்குக் காயம் என்று மணிக்கணக்கில் படிக்கிறார்கள், ஒவ்வொரு பெட்டிலும் புக்கி (பெட் வாங்குபவர்) எவ்வளவு எடுக்கிறார் என்பதை மட்டும் பார்ப்பதே இல்லை.

இரண்டு பேர் எதிரெதிர்ப் பக்கத்தில் ஆளுக்கு 110 டாலர் கட்டினால் புக்கியிடம் 220 சேரும். ஜெயித்தவருக்கு 210 போகும். மிச்சம் 10 டாலர் புக்கிக்கு, யார் ஜெயித்தாலும். கட்டிய மொத்தப் பணத்தில் அது ஏறக்குறைய 4.5 சதவீதம். சின்னதாகத்தான் தெரியும். இதை ஒரு சீசன் முழுக்க ஓட்டிப் பாருங்கள். ஒரு அணிக்கு வழக்கமான சீசனில் 82 ஆட்டம், ஒவ்வொன்றிலும் 100 ஜெயிப்பதற்காக 110 கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாதிக்குப் பாதி, 41 சரி 41 தப்பு என்றால் கையை விட்டுப் போவது 410 டாலர். 42-40 என்றால் 200 நஷ்டம். 43-39 என்றால் லாபம், எவ்வளவு தெரியுமா, 10 டாலர். அக்டோபரில் இருந்து ஏப்ரல் வரை உட்கார்ந்து, பாதிக்கு மேல் சரியாகக் கணித்து, 10 டாலர். நஷ்டமில்லாமல் தப்பிக்கவே 52.4 சதவீதம் சரியாக இருக்க வேண்டும் என்று சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

இப்போது விலையை மட்டும் மாற்றுங்கள். அதே 43-39, ஆனால் -105 கிடைத்தது என்றால் 205 லாபம். -115-க்குக் கட்டினால் 185 நஷ்டம். அதே ஆட்டங்கள், அதே கணிப்பு, 390 டாலர் வித்தியாசம். எந்தக் காயச் செய்தியைப் படித்தாலும் இவ்வளவு சுலபமாக இவ்வளவு பணம் மிச்சமாகாது. இரண்டு மூன்று செயலிகளில் கணக்கு வைத்துக்கொண்டு எதில் விலை நன்றாக இருக்கிறதோ அதில் கட்டுவதுதான் ஒரு புதியவர் செய்யக்கூடிய ஒரே உறுதியான புத்திசாலித்தனம் என்று நான் நினைக்கிறேன்.

ஸ்பிரெட்டின் பெரிய வசதி இங்கேதான். அதில் கமிஷன் முகத்திலேயே எழுதியிருக்கிறது. -110 என்ற இடத்தில் -118 என்று போட்டிருந்தால் கணக்கே தெரியாதவருக்கும் உறுத்தும். மனிலைனில் அப்படித் தெரியாது. -280/+230 என்று ஓரிடத்திலும் -300/+220 என்று இன்னோரிடத்திலும் பார்த்தால் ஏதோ கொஞ்சம் முன்னே பின்னே என்றுதான் தோன்றும். சதவீதமாக மாற்றிப் பாருங்கள். மைனஸ் விலைக்கு அந்த எண்ணை, அதோடு 100 கூட்டி வருவதால் வகுக்க வேண்டும். பிளஸ் விலைக்கு 100-ஐ, அந்த எண்ணோடு 100 கூட்டி வருவதால் வகுக்க வேண்டும். முதலாவதில் 73.7-ம் 30.3-ம் சேர்ந்து 104. இரண்டாவதில் 75-ம் 31.25-ம் சேர்ந்து 106.25. நூறுக்கு மேல் இருப்பதெல்லாம் புக்கிக்கு. -110/-110 ஸ்பிரெட்டை இதே முறையில் போட்டால் 104.8 வரும்.

கவனித்திருப்பீர்கள், அந்த முதல் மனிலைன் ஸ்பிரெட்டைவிட மலிவு. மறைக்க எனக்கு ஒன்றுமில்லை, மனிலைன் பல நேரம் மலிவாகவே கிடைக்கும். ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவருக்கு மனிலைன் ஒன்றும் மோசமில்லை. ஆரம்பத்தில் யாரும் போடுவதில்லை என்பதுதான் சிக்கல், அதனால்தான் புதியவருக்கு நான் ஸ்பிரெட்டைச் சொல்கிறேன்.

மனிலைனில் இன்னொரு வலை இருக்கிறது, பெரிய பேவரிட். நல்ல அணி, மோசமான எதிரணி, நிச்சயம் ஜெயிக்கும், -1000 என்றால் என்ன, 100 டாலர் சும்மா வருகிறது என்று தோன்றும். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 2015-16 சீசனில் 73 ஜெயித்து 9 தோற்றது. வழக்கமான சீசனில் அதைவிட நல்ல கணக்கு எந்த அணிக்கும் கிடையாது. அந்த 82 ஆட்டத்துக்கும் ஒருவர் -1000 விலையில் கட்டியிருந்தால், 73 வெற்றியில் 7,300 வந்திருக்கும், 9 தோல்வியில் 9,000 போயிருக்கும், முடிவில் 1,700 நஷ்டம். நிஜத்தில் எல்லா ஆட்டத்துக்கும் அப்படி விலை வைத்திருக்க மாட்டார்கள், சரி. ஆனாலும் சரித்திரத்திலேயே சிறந்த சீசனைக் கையில் வைத்துக்கொண்டே நஷ்டப்பட முடியும் என்றால், அந்த விலையில் வருவது சும்மா வரும் பணம் இல்லை.

ஸ்பிரெட்டுக்கு ஆதரவாக இன்னொன்றும் சொல்லலாம். ரசிகன் புள்ளிக் கணக்கில் யோசிப்பவன். நட்சத்திர வீரர் இன்று ஓய்வு என்று காய அறிக்கை வந்ததும் ஸ்பிரெட் -7-இல் இருந்து -2.5-க்கு வந்தால், அந்த வீரர் நாலரைப் புள்ளிக்குச் சமம் என்று சந்தை சொல்கிறது. அது அதிகமா குறைவா என்று அணியைத் தொடர்ந்து பார்க்கிற உங்களுக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கும். அடுத்தடுத்த நாள் ஆட்டம், நீண்ட விமானப் பயணம், சொந்த மைதானம் எல்லாவற்றையும் இப்படிப் புள்ளியாக யோசித்துப் பார்க்க முடியும். வெற்றி வாய்ப்பு 74 சதவீதத்தில் இருந்து 58-க்கு இறங்கியது சரிதானா என்று கேட்டால் எனக்குத் தலை சுற்றும்.

குறை இல்லாமலா? ஸ்பிரெட்டின் எரிச்சல் கடைசி இரண்டு நிமிடத்தில் இருக்கிறது. முடிவு தெரிந்துபோன ஆட்டத்தில் இரண்டு அணியும் பெஞ்சில் இருப்பவர்களை இறக்கிவிடும், ஒருவரும் டிஃபென்ஸ் ஆடமாட்டார்கள், 14 புள்ளி வித்தியாசம் யாரும் கவனிக்காமலேயே 8 ஆகிவிடும், உங்கள் -9.5 போய்விடும். நெருக்கமான ஆட்டத்திலோ பின்தங்கிய அணி வேண்டுமென்றே ஃபவுல் செய்யும், ஃப்ரீ த்ரோவாகப் போட்டு 3 புள்ளி முன்னிலை 7 ஆகும். அணிகள் உங்கள் ஸ்பிரெட்டுக்காக ஆடுவதில்லை, ஜெயிப்பதற்காக ஆடுகின்றன, ஆட்டம் கையில் இருந்தால் நிறுத்திவிடும். இந்த விஷயத்தில் மனிலைன்தான் நேர்மையானது: உங்கள் அணிக்கு என்ன வேண்டுமோ அதேதான் உங்களுக்கும் வேண்டும். இந்தக் காரணத்துக்காகவே மனிலைனை விடாதவர்கள் உண்டு, அவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

மற்றவை. ஓவர்/அண்டர் என்றால் இரண்டு அணியும் சேர்ந்து எடுக்கும் மொத்தப் புள்ளி, சொன்ன எண்ணுக்கு மேலா கீழா என்று கட்டுவது. அதில் விலையும் கமிஷனும் ஸ்பிரெட் மாதிரியேதான், யார் ஜெயித்தாலும் கவலையில்லை என்பதால் ரசிக மனசுக்கு ஒரு வேலியும் கிடைக்கிறது. நான் அதில் அதிகம் இறங்கியதில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். ஓவர்டைமும் கணக்கில் சேரும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்; 1983 டிசம்பரில் டெட்ராய்ட்-டென்வர் ஆட்டம் 145-145 என்று சமமாகி, மூன்று ஓவர்டைம் ஓடி 186-184 என்று முடிந்தது.

பார்லே என்றால் பல பெட்களைக் கோத்து, எல்லாம் ஜெயித்தால்தான் பணம் என்று கட்டுவது. அதைப் பற்றி ஒரே கணக்கு போதும். -110 பெட் ஒன்றில் 100 டாலருக்கு சராசரியாக 4.5 டாலர் போகிறது. இரண்டைக் கோத்தால் ஏறக்குறைய 9, மூன்றைக் கோத்தால் 13, நான்கு என்றால் 17. செயலி உங்களை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பாருங்கள், முகப்பிலேயே பார்லேதான் இருக்கும்.

தனி வீரர் எத்தனை புள்ளி, எத்தனை ரீபவுண்ட் என்று கட்டும் ப்ராப் பெட்களில் நான் கை வைப்பதில்லை. டொரான்டோ ராப்டர்ஸின் ஜான்டே போர்ட்டரை 2024 ஏப்ரலில் என்பிஏ வாழ்நாள் தடை செய்தது நினைவிருக்கும். தன் உடல்நிலையைப் பற்றிய தகவலை பெட் கட்டுகிறவர்களுக்குக் கொடுத்ததும், ஆட்டத்தில் இருந்து பாதியில் வெளியேறியதும் அதில் அடக்கம். அதிகம் ஆடாத ஒரு வீரர் நினைத்தால் முடிவை மாற்ற முடிகிற சந்தையில் வெளியாள் எனக்கு என்ன வேலை?

ஃபியூச்சர்ஸ், அதாவது இந்த வருடம் பட்டம் யாருக்கு என்று அக்டோபரிலேயே கட்டுவது, ரசிகனுக்கு ஆசையாக இருக்கும். 30 அணிகளின் விலைகளையும் மேலே சொன்ன மாதிரி சதவீதமாக்கிக் கூட்டிப் பாருங்கள், நூறை எவ்வளவு தூரம் தாண்டுகிறது என்று பார்த்தாலே ஆசை பாதி அடங்கும். பணமும் ஜூன் வரை உள்ளே மாட்டிக்கொள்ளும். 73 ஜெயித்த அந்த வாரியர்ஸ்கூட இறுதிப் போட்டியில் 3-1 என்று முன்னிலையில் இருந்து கிளீவ்லேண்டிடம் தோற்றது. ஆட்டம் நடக்கும்போதே கட்டும் லைவ் பெட்டை ஓரளவுதான் பார்த்திருக்கிறேன். விலை மாறும் வேகத்தில் கமிஷனைக் கவனிக்க நேரமே கிடைக்காது என்பது என் எண்ணம்.

பணத்தைப் பொறுத்தவரை, போனாலும் பரவாயில்லை என்ற தொகையைத் தனியாக எடுத்து வைத்து, ஒரு ஆட்டத்துக்கு அதில் ஒன்று இரண்டு சதவீதத்துக்கு மேல் வேண்டாம். நேற்று போனதை இன்று இரட்டிப்பாகக் கட்டிப் பிடிக்கும் பழக்கம் வந்துவிட்டால் ஸ்பிரெட், மனிலைன் எல்லாம் ஒன்றுதான். சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்: அமெரிக்காவில் 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபிறகு ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக முடிவு செய்கிறது, பெரும்பாலான இடங்களில் வயது 21.

அப்புறம், நானே ஸ்பிரெட்டை விட்டு மனிலைனுக்குப் போகும் ஒரு இடம் உண்டு. பேசர்ஸ் மிகச் சின்ன அண்டர்டாக் (பேவரிட்டுக்கு எதிர்ப்பக்கம்), +1.5 ஸ்பிரெட் -110-க்கும் மனிலைன் +105-க்கும் கிடைக்கிறது என்றால் மனிலைன்தான் எடுப்பேன். அந்த ஒன்றரைப் புள்ளி உதவுவது சரியாக ஒரு புள்ளியில் தோற்றால் மட்டும். அப்படி முடியும் ஆட்டங்கள் குறைவு, அதற்காக 105 வாங்க வேண்டிய இடத்தில் 110 கொடுத்து 100 வாங்க மனம் வருவதில்லை. +3.5-க்கு மேல் போனால் மறுபடியும் ஸ்பிரெட். இடையில் இருக்கும் +2, +2.5, +3 வந்தால் இரண்டு விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து அன்றைக்கு எது மலிவோ அதைக் கட்டுகிறேன்.