சாய்ந்து நிற்கும் சுவரும் ஒரு மாத லீவும்

மஸ்கட்டிலிருந்து ஒரு மாத லீவில் ஊருக்கு வந்த மறுநாளே அம்மா சொன்னாள்: "மக்களே, பிள்ளைகள அந்த ஊடுவழியா விடாத, கேட்டியா."

எங்கள் வீட்டுக்குத் தெற்கே ஒரு பழைய ஓட்டு வீடு. பன்னிரண்டு வருடமாக ஆளில்லை. கழுக்கோல் உளுத்து, ஓடு சரிந்து, மண்சுவர் வழிப்பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஆனியில் நனையத் தொடங்கும் சுவர் கார்த்திகை வரை சரியாகக் காய்வதில்லை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு அந்த ஊடுவழிதான் குறுக்குவழி.

பஞ்சாயத்து ஆபீசில், "பட்டா நிலம் சார், நாங்க கை வைக்க முடியாது" என்றார்கள். வில்லேஜ் ஆபீசில், முதலில் சொந்தக்காரரைக் கூட்டிட்டு வாங்க என்றார்கள். பட்டா இன்னும் இறந்துபோன அந்த வீட்டுத் தாத்தா பேரில் இருக்கிறது. வாரிசுகள் ஐந்து பேர். இரண்டு பேர் வளைகுடாவில், ஒருவர் மும்பையில், மற்ற இருவரைப் பற்றி யாருக்கும் தெரியாது. நான்கு நாள் இப்படியே போனது. லீவு நாளை எண்ணிக்கொண்டு வருகிறவனுக்கு நான்கு நாள் பெரிது.

வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சித்தப்பாதான் வழி சொன்னார். "சொத்து விஷயமா எழுதாத. ஆளுக்கு ஆபத்துன்னு ஆர்.டி.ஓ.வுக்கு எழுது."

அவர் சொன்னது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவாகிவிட்டது. ஒரு கட்டடம் விழுந்து அக்கம்பக்கத்தில் குடியிருப்பவருக்கோ வழியே போகிறவருக்கோ காயம் வரும் நிலையில் இருந்தால், அதை இடிக்கவோ பழுதுபார்க்கவோ முட்டுக்கொடுக்கவோ சொல்லி கோட்டாட்சியர், அதாவது சித்தப்பா சொன்ன ஆர்.டி.ஓ., நிபந்தனை உத்தரவு போடலாம். மறுப்பு இருந்தால் சொந்தக்காரர் நேரில் வந்து சொல்லலாம். ஆள் கையில் உத்தரவைக் கொடுக்க முடியாவிட்டால் அறிவிப்பாக வெளியிட்டு, பொது இடத்தில் ஒட்டலாம். உத்தரவு உறுதியான பிறகும் ஒன்றும் செய்யாவிட்டால், அரசே அந்த வேலையைச் செய்து செலவைச் சொந்தக்காரரிடம் வசூலிக்கலாம். முறைப்படி போட்ட உத்தரவை சிவில் கோர்ட்டில் கேள்வி கேட்கவும் முடியாது. இத்தனை அதிகாரம் இருந்தும், ஊரில் ஒருவர்கூட எனக்கு முதலில் அதைச் சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம். சுவர் விழுந்து ஒரு பிள்ளை போன பிறகு தெரிந்து என்ன பயன்?

மனுவோடு சர்வே எண், பட்டா நகல், நான்கு பக்கமிருந்தும் எடுத்த படங்கள், பக்கத்து வீட்டார் பதினொரு பேரின் கையெழுத்து எல்லாம் வைத்தேன். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளிலும் ஒரு பிரதி கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டேன். லீவில் வருகிறவர்கள் இந்த ரசீதை விடவே கூடாது. நாம் விமானம் ஏறிய பிறகு ஊரில் இருப்பவர் கையில் இருக்கப்போவது அது ஒன்றுதான். ஒன்பதாம் நாள் வருவாய் ஆய்வாளர் வந்தார். நல்ல மனிதர். மழையில் குடை பிடித்துக்கொண்டு சுவரின் சாய்வை அளந்தார், அம்மாவிடமும் கேட்டு எழுதிக்கொண்டார். இருபத்தாறாம் நாள் அந்த வீட்டு வாசல் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

அதைப் படம் எடுத்து மும்பை அக்காவுக்கு அனுப்பினேன். அன்று ராத்திரியே கூப்பிட்டார். கோபப்படுவார் என்று பயந்தேன்; அழுதார். "இடிச்சிருங்க தம்பி. அந்த வாசல் நிலைய மட்டும் எடுத்து வைக்க முடியுமா? அப்பா செஞ்சது." மற்ற வாரிசுகளிடம் பேசுவதாகவும், விசாரணை நாளுக்குத் தானே வருவதாகவும் சொன்னார்.

கிளம்பும் முந்தின நாள், சித்தப்பாவும் நானும் ஊடுவழியின் இரண்டு முனையிலும் மூங்கில் கட்டி அடைத்தோம். வாசல் நிலையை வைக்க எங்கள் விறகுப்புரையில் இடம் ஒதுக்கியாயிற்று.